கிரேட் கில்ட்டுக்கு எத்தனை கஜம் துணி? அளவெடுப்பது முதல் பெல்ட் கட்டுவது வரை

முதலில் விடை. 54 முதல் 60 அங்குலம் பன்னா (துணியின் அகலம்) உள்ள கம்பளித் துணி என்றால், சராசரி உடல்வாகுக்கு 4 முதல் 5 கஜம் போதும். மீட்டரில் 3.65 முதல் 4.6 வரை வரும். பன்னா 27 முதல் 30 அங்குலம்தான் என்றால் அதே உடைக்கு 8 முதல் 10 கஜம் வேண்டும். இரண்டும் ஒரே பரப்பைத்தான் சொல்கின்றன. எந்தப் பன்னாவுக்கு எந்தக் கணக்கு என்று பார்க்காமல் துணி வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை வீணாக்குகிறார்கள்.

கிரேட் கில்ட்டைக் கேலிக் மொழியில் ஃபேலா மோர் என்பார்கள். ஆங்கில ஆவணங்களில் அது பெல்டட் பிளெய்ட் என்று வரும். வெட்டித் தைக்காத ஒரே நீளத் துணியைப் பின்பக்கம் கொசுவி, இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, பெல்ட்டுக்கு மேலே மிஞ்சும் பாதியைத் தோளில் போட்டுக்கொள்ளும் உடை இது. ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பகுதியிலும் மேற்குத் தீவுகளிலும் 16-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் தலைகாட்டுகிறது. அயர்லாந்துக்குக் கூலிப்படையாகப் போன ஹெப்ரிடீஸ் தீவு வீரர்கள் பலநிறப் போர்வைக்கு மேலே பெல்ட் கட்டியிருந்ததை 1594-ஆம் ஆண்டு நிகழ்வுகளைச் சொல்லும் ஐரிஷ் குறிப்பு ஒன்று விவரிக்கிறது. 1746-இல் இயற்றிய உடைத் தடைச் சட்டம் 1747 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது, 1782-இல் நீங்கியது. அதற்குள் அன்றாட உடையாக இதன் காலம் முடிந்துவிட்டது. “சரித்திரத்துக்கு ஒத்த கில்ட்” என்று இந்த வழிகாட்டி சொல்வதெல்லாம் 1590-களிலிருந்து 1746 வரையிலான உடையைத்தான்.

9 கஜக் கணக்கு எங்கிருந்து வந்தது

பழைய கைத்தறியில் நெசவாளர் நாடாவை (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பார். கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். அதனால் துணி 25 முதல் 30 அங்குலம் பன்னாவில்தான் நெய்யப்பட்டது. உடம்பைச் சுற்றி, தோள்வரை எட்ட அந்த அகலம் பற்றாது. எனவே 9 கஜத் துணியை நடுவில் வெட்டி, நாலரைக் கஜத் துண்டுகள் இரண்டையும் கரையோடு கரை சேர்த்துத் தைத்தார்கள். கிடைப்பது நாலரைக் கஜ நீளமும் ஏறக்குறைய 56 அங்குல அகலமும் கொண்ட ஒரு பிளெய்ட்.

இன்றைய தறியில் அந்த அகலம் ஒரே துணியாகவே வருகிறது. அதில் போய் 9 கஜம் வாங்கினால் தேவையைப் போல இரு மடங்கு துணி கையில் இருக்கும். ஒரு கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள துணி என்றால் 9 கஜம் 4 கிலோவைத் தாண்டும். கொசுவம் பெல்ட்டுக்கு அடியில் கட்டையாகத் திரண்டு நிற்கும். பெல்ட் துணியைப் பிடிக்காது, பத்தடி நடப்பதற்குள் பின்பக்கம் சரியும்.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 42-ஆம் ஹைலேண்ட் படைப்பிரிவு வீரர்களுக்கு 12 கஜ பிளெய்ட் என்று பழைய விவரிப்பில் வருவதையும் ஒற்றைப் பன்னாவாக, அதாவது அந்தப் பழைய குறுகிய அகலமாகப் படித்தால்தான் பொருந்தும். அப்போது நீளம் 6 கஜமாகிறது. தாராளமான அளவுதான், ஆனால் கட்ட முடியாத அளவு அல்ல. இன்றைய கில்ட் தையற்கடைகள் சொல்லும் “8 கஜக் கில்ட்” கூட இதே வகைதான். 4 கஜ இரட்டைப் பன்னாத் துணியை நீளவாக்கில் பிளந்து தைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

மூன்று அளவுகள்

உள்ளே போடப்போகும் சட்டையைப் போட்டுக்கொண்டு அளந்து பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சட்டை தொளதொளப்பான லினன். அதுவே இடுப்பில் 3, 4 செ.மீ. கூட்டிவிடும்.

முதல் அளவு சுற்றளவு. தொப்புள் மட்டத்தில் ஒருமுறை, பின்பக்கம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் ஒருமுறை அளந்து, எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பேன்ட் அளவை நம்பாதீர்கள். பேன்ட் தொப்புளுக்குக் கீழே நிற்கும், இந்த பெல்ட் தொப்புள் மட்டத்திலேயே இருக்கும்.

இரண்டாவது, பெல்ட் வரும் இடத்திலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை. பெரும்பாலோருக்கு இது 55 முதல் 62 செ.மீ. முழங்காலைத் தொடும்படி விடுவது இக்கால வழக்கம். 1720-களிலும் 30-களிலும் இன்வெர்னஸ் பக்கம் இருந்த ஆங்கில அதிகாரி எட்மண்ட் பர்ட், உடை பாதித் தொடைவரைதான் எட்டியது என்று எழுதியிருக்கிறார். எனவே கொஞ்சம் ஏற்றிக் கட்டினால் தவறில்லை, தழையத் தழையக் கட்டினால்தான் தவறு.

மூன்றாவது, பெல்ட்டிலிருந்து தோள்மேடு வரை. முதுகுப்பக்கமாக அளக்க வேண்டும். வழக்கமாக 42 முதல் 50 செ.மீ.

நீளக் கணக்கு

சுற்றளவை 3.6-ஆல் பெருக்குங்கள். அதுதான் தேவையான நீளம்.

இந்த 3.6 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் உடம்புக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம். முன்பக்கம் கொசுவம் கிடையாது. வலது முனை, இடது முனை இரண்டும் வயிற்றின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஒவ்வொன்றும் முன்பக்கத்தை முழுதாக மூடி, அடுத்த பக்கம் ஓரிரு அங்குலம் தாண்ட வேண்டும். அதற்கு இரண்டும் சேர்த்து சுற்றளவின் 1.1 மடங்கு. மீதி பின்பக்கம், அதாவது சுற்றளவில் பாதி. அங்கே ஒரு பங்கு இடத்துக்கு ஐந்து பங்கு துணியைக் கொசுவினால் 2.5 மடங்கு. கூட்டினால் 3.6.

தைத்த மடிப்பு என்றால் மூன்று பங்கே போதும். இங்கே கொசுவத்தைப் பிடித்து வைக்கத் தையல் இல்லை. ஒன்றின்மேல் ஒன்று படிந்த அடுக்குகளின் உராய்வும் பெல்ட்டின் அழுத்தமும்தான் பிடிமானம். நான்கு பங்குக்குக் கீழே போனால் உட்கார்ந்து எழுந்ததும் கொசுவம் விரிந்துவிடும். ஏழு பங்கைத் தாண்டினால் முன்னே சொன்ன கட்டைத் திரட்சிதான்.

சுற்றளவு வாரியாகப் பார்த்தால்:

- 100 செ.மீ.: 360 செ.மீ., 4 கஜம் வாங்கவும்
- 110 செ.மீ.: 396 செ.மீ., நாலரைக் கஜம்
- 125 செ.மீ.: 450 செ.மீ., 5 கஜம்
- 140 செ.மீ.: 504 செ.மீ., ஐந்தரைக் கஜம்

சுற்றளவு 100-க்குக் குறைவு என்றாலும் 4 கஜத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். இடுப்புக்குப் போதும், தோளுக்குப் போதாது. குளிரில் இரு தோளையும் போர்த்தி முன்னால் ஊக்கு மாட்டும்போது அந்த நீளம் இல்லாமல் திண்டாட நேரும்.

பன்னாக் கணக்கு

இரண்டாவது அளவையும் மூன்றாவது அளவையும் கூட்டி, அதோடு 30 செ.மீ. சேருங்கள். 58, 45, 30 என்றால் 133 செ.மீ. ஆக 54 அங்குலம் (137 செ.மீ.) போதும், 56-ஆக இருந்தால் வசதி. உயரம் ஆறடியைத் தாண்டியவர்கள் 58 அல்லது 60 பாருங்கள்.

அந்த 30 செ.மீ. எதற்கு? தோளைத் தாண்டி முன்னால் விழுவதற்கும், மழையில் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வதற்கும். அதைச் சேர்க்காவிட்டால் துணி தோள்வரை இழுபட்டு, குனியும்போதெல்லாம் ஊக்கைப் பிய்க்கும். இந்தியக் கடைகளில் சட்டைத் துணியும் ஃபிளானலும் பெரும்பாலும் 44 அங்குலம்தான் வரும். கீழே 58 செ.மீ. போனால் மேலே மிஞ்சுவது 54 செ.மீ. மட்டுமே, அதில் கிரேட் கில்ட் கட்ட முடியாது. 58 அங்குலம் பன்னா உள்ள கம்பளி சூட்டிங் துணியில் பார்ப்பது நல்லது.

எடையும் நெசவும்

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ஆலைகள் எடையை ஓடும் கஜத்துக்கு, அதாவது முழுப் பன்னாவோடு ஒரு கஜ நீளத்துக்கு, அவுன்ஸில் சொல்கின்றன. 10 அல்லது 11 அவுன்ஸ் இலகு, 13 நடுத்தரம், 16 கனம். கிரேட் கில்ட்டுக்கு 13 எல்லாவற்றுக்கும் ஏற்றது. நாலரைக் கஜம் 1.7 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 16 அவுன்ஸில் அதே நீளம் 2 கிலோ. அது குளிர்நாட்டுக்கு நன்றாக இருக்கும், விழும் அழகும் தனி.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. வேறு கடைகள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லும். 57 அங்குலம் பன்னா உள்ள 13 அவுன்ஸ் துணி சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 280 கிராம், 16 அவுன்ஸ் 340 கிராம். அவுன்ஸைச் சதுர கஜத்துக்குச் சொல்லும் கடைகளும் உண்டு. அந்தக் கணக்கில் 13 அவுன்ஸ் என்பது 440 கிராம், போர்வைக் கனம். எந்த அலகு என்று கேட்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

நெசவு இரண்டுக்கு இரண்டு ட்வில்லாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஊடை (குறுக்கு) நூலும் இரண்டு பாவு (நெடுக்கு) நூலுக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாகப் போய், மூலைவாட்டில் சாய்ந்த வரிகள் தெரியும். இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. பெல்ட் கட்டி எழுந்ததும் மேல்பாதி வெளிப்பக்கமாகக் கவிழ்கிறது, துணியின் உட்புறம் அப்போதே வெளியே வந்துவிடுகிறது. இந்த ட்வில்லில் இரு பக்கமும் ஒரே அழகு. கட்டம் அச்சடித்த துணியில் வெளுத்த பின்பக்கம் ஊருக்கே தெரியும்.

அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் வேண்டாம். கொசுவம் வழுக்கும், ஈரத்தில் உடம்பில் ஒட்டும், முகாம் நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலில் பிடிக்கும். கம்பளி கருகுமே தவிர உருகாது.

நிறமும் கட்டமும்

குலத்துக்கு ஒரு டார்ட்டன் (வண்ணக் கட்டம் போட்ட துணி) என்ற ஒழுங்கு பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததும், பேனாக்பர்னில் இருந்த வில்சன்ஸ் நெசவு நிறுவனம் டார்ட்டன்களுக்குப் பெயர் சூட்டி விற்றதும் அதை வேகப்படுத்தின. 1746-இல் நடந்த கல்லோடன் போரை டேவிட் மோரியர் வரைந்த ஓவியத்தில் ஒரே ஆள் மேலே ஒரு கட்டமும் கீழே வேறொரு கட்டமுமாக நிற்கிறார். ஆகவே 1740-களின் உடை வேண்டுமென்றால் குலப் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாயத்தைப் பாருங்கள். செயற்கைச் சாயம் 1856-க்குப் பிறகு வந்தது. அதற்கு முன் அவுரி, வோட் செடிகள் தரும் நீலம், கொச்சினீல் பூச்சி, மேடர் வேர் தரும் சிவப்பு, வெல்ட் செடியின் மஞ்சள், பாறைப்பாசியின் பழுப்பு. கிளென் அஃப்ரிக் பகுதிச் சதுப்பில் 1980-களில் கிடைத்த, 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்பட்ட டார்ட்டன் துண்டிலும் செயற்கைச் சாயம் இல்லை. பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் தெரிகின்றன. ஆலைப் பட்டியலில் வரும் “ஏன்ஷியன்ட்” என்பது மங்கலான நிறச் சாயலைக் குறிக்கும் வியாபாரப் பெயர், துணியின் காலத்தைச் சொல்வதில்லை.

ஒற்றைப் பன்னாவை இணைப்பது

கைத்தறித் துணியில் முழு ஒழுங்கோடு செய்ய விரும்புவோருக்கு இது. ஒரே துணியாக அகலம் கிடைத்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

சுற்றளவு 110 செ.மீ. உள்ளவருக்கு 28 அங்குலம் பன்னாவில் 9 கஜம், அதாவது 823 செ.மீ. வாங்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரு துண்டும் தலா 411 செ.மீ. தேவை 396. மிஞ்சும் 15 செ.மீ. கட்டம் பொருத்துவதற்கு. ஒரு முழுக் கட்டம் திரும்ப வரும் நீளம் பல டார்ட்டன்களில் 15 செ.மீ. அளவில் இருக்கும். உங்கள் துணியில் அது 20 என்றால் இருபதையும் கூட்டி வாங்குங்கள்.

1. வெட்டுமுன் ஒரு ஊடை நூலை உருவி எடுங்கள். அந்தக் கோட்டில் வெட்டினால்தான் நேராக வரும்.
2. இரண்டு துண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கட்டம் சமச்சீராக இருந்தால் திருப்பினாலும் மாறாது, ஆனால் சேரும் கரை மாறும். எந்த வைப்பில் இணைப்பின் இரு புறமும் கட்டம் தொடர்ச்சியாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஒரு துண்டை மேலும் கீழும் நகர்த்தி, குறுக்குக் கோடுகளைச் சந்திக்க வையுங்கள். 30 செ.மீ.க்கு ஒரு ஊக்கு. கைநெசவில் கோடுகள் அங்கங்கே ஓரிரு மில்லிமீட்டர் விலகும். இழுத்து நேராக்க முயன்றால் துணி அலை அலையாகச் சுருங்கும், விட்டுவிடுங்கள்.
4. கரையை மடிக்காமல், விளிம்பு விளிம்போடு தொடும்படி வைத்து, கம்பளி அல்லது லினன் நூலால் நெருக்கமாக ஓரத்தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் இரண்டு, மூன்று பாவு நூலை மட்டும் பிடித்தால் போதும். தைத்தபின் விரித்து, ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் இணைப்பு சப்பையாகப் படிந்துவிடும்.

விளிம்பை மடித்து மெஷினில் தைத்தால் தடித்த வரப்பு ஒன்று உண்டாகும். இணைப்பு பெல்ட்டுக்கு மேலே 10 முதல் 13 செ.மீ. தூரத்தில் வருகிறது. மேல்பாதி கவிழும்போது அது இடுப்புக்குக் கீழே வெளிப்பக்கம் தெரியும். அங்கே வரப்பு இருந்தால் கண்ணை உறுத்தும்.

ஓரங்கள்

கீழ்விளிம்பு துணியின் சொந்தக் கரைதான். அதை மடித்துத் தைக்கவே கூடாது. தைத்தால் கொசுவத்தின் அடி விறைத்துக்கொண்டு விரியும். வெட்டிய இரு முனைகள் மட்டும் பிரியும். 2 முதல் 4 செ.மீ. வரை ஊடை நூலை உருவிக் குஞ்சமாக விடலாம், அல்லது மெலிதாக மடித்துக் கையால் தைக்கலாம்.

கட்டும் முறை

தரையில் விரித்துப் படுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. அன்று எல்லோரும் தினமும் இப்படித்தான் கட்டினார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. 1822 காலத்து பிளெய்ட் ஒன்றில் உட்புறம் பெல்ட் நுழைக்க வளையங்கள் தைத்திருப்பதால், நின்றபடி கட்டும் வழியும் இருந்திருக்கிறது. புதிதாகக் கட்டுவோருக்குத் தரைதான் எளிது.

5 முதல் 6 செ.மீ. அகலமுள்ள தோல் பெல்ட் வேண்டும். நீளம் சுற்றளவைவிட 25 செ.மீ. கூடுதல். அதைத் தரையில் வைத்து, அதன்மேல் துணியை விரியுங்கள். கீழ்க்கரையிலிருந்து பெல்ட்டுக்கு உள்ள தூரம் உங்கள் இரண்டாவது அளவாக இருக்கட்டும்.

சுற்றளவு 110 செ.மீ., துணி 396 செ.மீ. என்ற உதாரணத்தில் இரு முனையிலும் தலா 60 செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் உள்ள 275 செ.மீ.ஐக் கொசுவ வேண்டும். கட்டம் 15 செ.மீ. என்றால் 18 கொசுவம், ஒவ்வொன்றும் வெளியே 3 செ.மீ. தெரியும், மொத்தம் 54 செ.மீ. பின்பக்கத்துக்குச் சரி. அளவுநாடா வேண்டாம், கட்டத்தில் உள்ள ஒரே கோட்டைப் பிடித்து மடித்துக்கொண்டே போனால் அளவு தானாக அமையும். மடிப்புகள் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும். பெல்ட் வரும் வரியில் மட்டும் உள்ளங்கையால் அழுத்திக் கூர்மையாக்குங்கள். கீழே அவை தளர்வாக விழட்டும்.

கீழ்க்கரை முழங்கால் பின்மடிப்புக்குச் சற்று மேலே வரும்படி கொசுவத்தின்மேல் மல்லாந்து படுங்கள். வலப்பக்க முனையை முதலில் இடதுபுறம் இழுத்துப் போட்டு, அதன்மேல் இடப்பக்க முனையை வலதுபுறம் போடுங்கள். பெல்ட்டை நன்றாக இறுக்கி எழுந்திருங்கள். மேல்பாதி பாவாடைபோல் சுற்றிலும் தொங்கும். முதுகுப்புறத் துணியை மேலே எடுத்து இடது தோளில் ஊக்கால் நிறுத்துங்கள், முன்பக்க மூலைகளைப் பெல்ட்டில் செருகுங்கள். வலது கை சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். செருகிய இடங்களில் பை போன்ற மடிப்புகள் கிடைக்கும், சாமான் வைக்கலாம். பர்ட் பார்த்தவர்கள் கழுத்துக்குக் கீழே ஒரு முள்கரண்டியோ கூராகச் சீவிய குச்சியோ வைத்துக்கூடக் குத்தியிருந்தார்கள், எனவே விலையுயர்ந்த ப்ரூச் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

கோளாறுகளும் காரணங்களும்

பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் ஏறி நின்றால், பெல்ட்டைத் துணிக்கு இணையாக வைக்கவில்லை அல்லது தொப்புளுக்குக் கீழே கட்டியிருக்கிறீர்கள். பின்பக்கம் 2 செ.மீ. ஏற்றிப் படுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

முன்பக்கம் நடக்கும்போது திறந்துகொண்டால் கொசுவத்துக்கு அதிகத் துணி போய், முனைகளுக்குக் குறைந்துவிட்டது. இரண்டு கொசுவத்தை அவிழ்த்து முனைகளுக்குக் கொடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் மொத்தமும் நழுவினால் பெல்ட் மெலிது, அல்லது உள்ளே வழுக்கும் செயற்கைத் துணிச் சட்டை இருக்கிறது. லினன் அல்லது பருத்திச் சட்டைக்கு மாறுங்கள். அதன் பிறகும் நழுவினால் கொசுவத்தின் உட்புறம், பெல்ட் வரியில், கட்டத்துக்கு ஒன்றாக நூல் வளையங்கள் தைத்து மெல்லிய கயிறு ஒன்றைக் கோத்து, பெல்ட்டுக்கு முன் அதை இறுக்குங்கள்.

துவைத்ததும் நீளம் குறைந்தால் அது முடிப்பு வேலை செய்யாத தறித் துணி. வாங்கும்போதே நெசவாளரிடம், ஈரத்தில் நனைத்து முடித்த துணியா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் சொல்லும் சுருக்க அளவைச் சேர்த்து வாங்கி, வெட்டுவதற்கு முன்பே குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் தட்டையாக விரித்து நிழலில் உலர்த்திவிடுங்கள். இணைத்துத் தைத்தபின் நனைத்தால் இரு துண்டும் ஒரே அளவில் சுருங்காமல், தையல் ஓரம் முழுக்கச் சுளிந்துகொள்ளும்.